மோரிஸ் காருக்கு ரெண்டு மஞ்சள் விளக்கு

பழைய காருக்குப் பழைய விளக்கு மாட்டுகிற தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: விளக்கு நன்றாக எரிந்தால் அந்தக் காலத்து வெள்ளைக்காரனைப் பாராட்டுவார்கள், எரியாவிட்டால் இந்தக் காலத்து எலக்ட்ரீஷியனைத் திட்டுவார்கள். யாரை என்ன சொல்வது என்பதில் குழப்பமே வராது.

நான் தன்ராஜ். ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்பக்கம் ரயில் பாதை ஓரமாக ஒரு தகர ஷெட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. வெளியே அனுப்பிய வாத்தியாரை மனசுக்குள் நான் இன்னும் விடவில்லை. ஷெட்டின் மறுபாதியில் பெயிண்டர் நாராயணப்பா இருக்கிறான். முன்பு ஒரு ஜீப்பில் புகை வந்தபோது, ஓனர் என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே என் பக்கம் விரலை நீட்டியவன். அதிலிருந்து அவனோடு வேலைப் பேச்சு மட்டும்தான். டீ கூடத் தனித்தனி.

வாடிக்கையாளர் முன்னால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு "சரி சார்" என்று சொல்லியே வயதாகிப்போன டெய்லர்களே, பிளம்பர்களே, மெக்கானிக்குகளே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களுக்குப் புரியாது.

துண்டில் சுற்றி வந்த இரட்டையர்

பெஞ்சமின் சார் ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் ஷீலா மெல்போர்னில். வீட்டில் அவரும் ஒரு வெள்ளை மோரிஸ் காரும்தான். ஒரு நாள் சாயங்காலம் கார் வீட்டுக்குள் நுழையும்போது கேட் தூணை உரசிவிட்டது. பக்கத்து வீட்டம்மா அதைப் படம் எடுத்து மெல்போர்னுக்கு அனுப்பிவிட்டார். அக்கம்பக்கம் என்றால் அப்படித்தான் அக்கறையாக இருக்க வேண்டும். மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "டிசம்பர்ல உங்க பழைய கார் கிளப் நந்தி மலைக்குப் போகுதில்ல, அந்தப் பனியில நீங்க ஓட்டறதை நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன். சரியா ஓட்டினா கார் இருக்கட்டும். இல்லன்னா வித்துடலாம்."

தூணில் உரசியதற்குக் காரணம் ஹெட்லைட் மங்கலாக இருப்பதுதான் என்பது சாரின் முடிவு. அதனால் யாரோ நண்பர் மூலம் இங்கிலாந்திலிருந்து ரெண்டு பழைய பனி விளக்கு வரவழைத்திருந்தார். மஞ்சள் கண்ணாடி, பித்தளை உடம்பு, மேலே குரோமியம். ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் கனம். குளித்த குழந்தையைத் துண்டில் சுற்றுவதுபோலச் சுற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். பம்பரில் துளை போடக் கூடாது, ரிலே வைக்கக் கூடாது, புது வயர் கண்ணில் படக் கூடாது, ஆனால் வெளிச்சம் மட்டும் பகல் மாதிரி வேண்டும். துளை போடாமல் எப்படி சார் நிற்கும் என்று கேட்டேன். அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மிஸ்டர் தன்ராஜ், பல் டாக்டர் என் வாயில துளை போட்டப்போ நான் பேசாம இருந்தேன். இது என் பம்பர்."

கார் தப்பு

துளை போடாமல் பம்பருக்கு முன்னால் ஒரு கம்பியை கிளாம்ப் வைத்துக் கட்டி, அதில் விளக்குகளை உட்கார வைப்பதாக ஏற்பாடு செய்தேன். கம்பி தயாராகிக்கொண்டிருந்தபோது கிளப்பிலிருந்து கார்த்திக் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர் வேலை, பழைய ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறார். மற்றவர்களின் கார்களுக்கு யோசனை சொல்வது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியம். பெஞ்சமின் சாருக்கு அன்பளிப்பாக ரெண்டு எல்.இ.டி. பல்பு வாங்கி வந்திருந்தார்.

இந்த மோரிஸில் பாட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும். இந்தக் காலத்துக் கார்களுக்கு நேர் எதிர். எல்.இ.டி. பல்புக்கு எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்பது முக்கியம். தலைகீழாகக் கொடுத்தால் அது கண்ணே திறக்காது. இதை நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தன் போனில் யாரோ ஒரு அமெரிக்கர் பேசுகிற வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்தார். பிறகு அவரே பல்பை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். இருட்டு. மறுபடி போட்டார். இருட்டு. பல்பைக் கழற்றி ஊதிப் பார்த்து, போனைப் பார்த்து, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து தீர்ப்புச் சொன்னார்: "பல்பு கரெக்ட்தான் அண்ணா. கார்தான் ராங்."

கரெண்டுக்கு ஒரு போர்டு

பழைய மாதிரி பல்பையே போட்டு, விளக்கைக் கம்பியில் ஏற்றி, சாரைக் கூப்பிட்டேன். சுவிட்சைப் போட்டதும் விளக்கு ரெண்டும் காய்ச்சல்காரன் கண் மாதிரி மினுங்கின. எனக்கு உடனே விஷயம் தெரிந்துவிட்டது. விளக்குக்கு ஒரு வயர்தான் போகிறது. கரெண்ட் திரும்பி வர வேண்டிய வழி, எர்த் என்போமே, அது அந்தக் கம்பியும் பாடியும்தான். அந்தக் கம்பியை முந்தின நாள் நாராயணப்பா கறுப்பு பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனான். அடித்தான். கிளாம்ப் உட்காருகிற இடம், போல்ட் உட்காருகிற இடம், ஒரு நூல் இடம் விடாமல் ரெண்டு கோட் அடித்தான். பெயிண்டுக்குள் கரெண்ட் போகாது என்பது இத்தனை வருஷமாக என் பக்கத்திலேயே வேலை செய்கிற மனிதனுக்குத் தெரியாதாம்.

நான் உப்புத்தாளை எடுத்து போல்ட் அடியில் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். அவன் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, பெற்ற பிள்ளையை யாரோ கிள்ளுகிற மாதிரி ஒவ்வொரு தேய்ப்புக்கும் "அய்யோ, அய்யோ" என்றான்.

"எர்த் வேணும்ப்பா. வேணும்னே பண்றியா நீ?" என்றேன்.

"நீ முன்னாடியே சொல்லணும் அல்வா குரு?" என்றான், பாதிக் கன்னடத்தில். அவன் 'அல்வா' என்றால் 'இல்லையா' என்று அர்த்தம், தின்கிற அல்வா இல்லை.

"பல்லு தேய்க்கணும்னுகூட உனக்கு நான்தான் சொல்லணுமா?"

அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வராது, அதுதான் எனக்குக் கோபம். டப்பாவை மூடிக்கொண்டே சொன்னான்: "நான் காருக்கு பெயிண்ட் அடிக்கிறவன். கரெண்டுக்கு வழி விடணும்னா, இங்க வழின்னு ஒரு போர்டு மாட்டி வை."

ரெண்டு சூரியன்

எர்த் சரியானதும் விளக்கு நன்றாகவே எரிந்தது. சார் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "டல்லா இருக்கே" என்றார். சரி, சுவிட்ச் வழியாக இத்தனை கரெண்ட் வந்தால் இழப்பு இருக்கும் என்று, பாட்டரியிலிருந்து நேராகக் கரெண்ட் எடுத்துக் கொடுக்கிற ரிலே ஒன்று வைத்தேன். அதைக் கண்ணில் காட்டக் கூடாதே! அந்தக் காலத்துக் கார்களில் பாட்டரி சார்ஜைக் கவனிக்கிற கட்-அவுட் பெட்டி ஒன்றின் வயிற்றைக் காலி செய்து அதற்குள் ஒளித்து வைத்தேன். "டல்" என்றார். தடி வயர் இழுத்து, அதற்குத் துணி உறை போட்டுப் பழையது மாதிரி ஆக்கினேன். "கொஞ்சம் டல்." உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரில் வெள்ளி முலாம் உரிந்திருக்குமோ என்று புதிதாகப் பூசிக்கொண்டு வந்தேன். "முன்னைக்கு இப்ப பரவாயில்ல, ஆனா டல்." கடைசியில், அந்த விளக்கு தாங்கக்கூடிய பெரிய பல்பைத் தேடி, உதிரி பாகக் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோடு முழுக்க அலைந்து வாங்கி வந்து போட்டேன்.

இதற்குள் கிளப்பில் பேச்சு பரவிவிட்டது. ஞாயிறு காலை டிபன் சாப்பிடுகிற இடத்தில் சார் என் பெயரைச் சொல்லி "டல், டல்" என்று சட்னியோடு பரிமாறியிருக்கிறார். என் ஷெட்டுக்கு வருகிற பழைய கார் அத்தனையும் அந்த கிளப்பிலிருந்துதான் வருகின்றன. ஒரு ஃபியட்காரர் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் சார் வீட்டுக்கே போய், காரை பக்கத்து வீட்டுச் சுவருக்கு நேராக நிறுத்தி, விளக்கைப் போட்டேன். எதிரே போய் நின்ற எனக்குக் கொஞ்ச நேரம் உலகமே பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எட்டிப் பார்த்து, "சுவர் எங்க இருக்கு?" என்றார். அப்போது படம் எடுத்து அனுப்புகிற அந்தப் பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து கத்தினார்: "யாருப்பா அது, எங்க சுவத்துக்கு ரெண்டு சூரியனைக் காட்டறது? காயப் போட்ட துணியை எல்லாம் எடுத்துக்கறேன், காஞ்சிடுச்சு!"

சார் விளக்கை அணைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அந்தம்மா எப்பவும் இப்படித்தான் மிகைப்படுத்துவாங்க. டல்லாத்தான் இருக்கு."

சந்தனக் காப்பு

ஆயுத பூஜை வந்தது. அன்று எங்கள் ஷெட்டில் நிற்கிற எந்த வண்டிக்கும் மதம் கிடையாது. ரிலே பெட்டியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் மோரிஸை வாங்கி வந்து நிறுத்தியிருந்தேன். நாராயணப்பா எல்லா வண்டிக்கும் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டான். கை தாராளம். மோரிஸின் மஞ்சள் விளக்கு ரெண்டுக்கும் பொட்டு வைப்பதற்குப் பதிலாக முழு முகத்துக்கும் பூசிவிட்டான். சாமிக்கு சந்தனக் காப்பு செய்கிற மாதிரி. மறுநாள் சார் நான் இல்லாத நேரத்தில் வந்து காரை எடுத்துப் போய்விட்டார். விளக்கு சூட்டில் சந்தனம் செங்கல்லாகக் காய்ந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து சார் வந்தார். விளக்கைப் பார்த்ததும் எனக்கு ஆனந்தம். இந்த முறை சாட்சியோடு நாராயணப்பா மாட்டிக்கொண்டான் அல்லவா! "இதோட ஓட்டினீங்களா சார்? எப்படி இருந்துச்சு?" என்று சத்தமாக, அவன் காதில் விழுகிற மாதிரி கேட்டேன். சார், "எப்பவும் போலத்தான். அதே டல்" என்றார். ஈரத்துணியால் ஊறவைத்து, சுரண்டித் துடைத்து, கண்ணாடியைப் பளிங்காக்கி மறுபடி போட்டுக் காட்டினேன். சார் பார்த்தார். "இப்பவும் அதேதான்" என்றார், காரை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது எங்கள் ஷெட் வாசல் தகரத்தை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

நானும் நாராயணப்பாவும் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். தூணில் உரசிய கதவுக்கு அவன் வெள்ளை அடித்துக் கொடுத்திருந்தானாம். மஞ்சளாக இருக்கிறது என்று சார் திருப்பி அனுப்ப, மறுபடி அடித்தானாம். அதுவும் மஞ்சளாம். அசல் வெள்ளை டப்பாவைத் திறந்து காட்டினால் அதையும் மஞ்சள் என்றாராம். எனக்கு முன்னால் அவன் கண்டுபிடித்துவிட்டானே என்ற எரிச்சல்தான் அப்போது பெரிதாக இருந்தது. அவன் தன் பெயிண்ட் பட்ட விரலால் கண்ணைத் தொட்டுக் காட்டிச் சொன்னான்: "நீ லைட்டை ரிப்பேர் பண்ணே, நான் கதவை ரிப்பேர் பண்ணேன். ரெண்டு பேரும் ராங் சைடுல ஸ்பேனர் போட்டிருக்கோம், குரு."

சாட்சி

இதை சாரிடம் யார் சொல்வது? அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சொன்னால் மகள் காதுக்குப் போகும், கார் போய்விடும். அந்த மனிதருக்குக் காலையில் எழுந்ததும் துடைப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? சொல்லாவிட்டால் கிளப்பில் என் பெயர் டல்லாகவே இருக்கும். அதைவிட, இந்தக் கண்ணோடு நந்தி மலை வளைவில் பனிக்குள் போவார். நாராயணப்பா, "உன் கஸ்டமர்" என்றான். "உன் கதவு" என்றேன். இப்படியே தள்ளிக்கொண்டிருந்தபோது மெல்போர்னிலிருந்து ஷீலா வந்து இறங்கிவிட்டாள்.

அப்பாவும் மகளும் காரில் ஷெட்டுக்கே வந்தார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவளுக்கு முகம் வெளுத்திருந்தது. இறங்கியதும் நேராகக் கேட்டாள். "அங்கிள், லைட் டல்லுங்கறதாலதான் வண்டி அங்க இங்க போகுதுன்னு அப்பா சொல்றாரு. நெஜமா? லைட் டல்லா?"

சார் அவளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார். அதிகாரியாக இருந்தவர் பார்க்கிற பார்வை இல்லை அது. 'டல்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடுவார், என் பெயர் போகும். இல்லை என்றால் என் பெயர் பிழைக்கும். இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தானே நான் மாதக்கணக்கில் கறுவிக்கொண்டிருந்தேன்? வந்தபோது அது இனிக்கவில்லை. "லைட்டுல குறை இல்லம்மா. சாரை ஒரு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கண்ணுல புரை விழுந்திருக்கும்னு தோணுது" என்றேன். நாராயணப்பாவும் எங்கிருந்தோ வந்து, கேட்காமலே, "ஹௌது, ஆமா மேடம், அவருக்கு வெள்ளையே மஞ்சளாத் தெரியுது" என்றான். முதல் தடவையாக என் பக்கம் பேசினான். அதுவும் வேண்டாத நேரத்தில்.

ஷீலா கார் சாவிக்குக் கையை நீட்டினாள். சார் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "உன்னை நான் பல்பு மாட்டத்தான் கூப்பிட்டேன் தன்ராஜ். சாட்சி சொல்ல இல்ல."

கட்டு அவிழ்த்த பிறகு

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாராயணப்பா ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் நல்ல பெயர் எடுத்து வந்தான். சில நாள் கழித்து சார் கறுப்புக் கண்ணாடியோடு ஷெட்டுக்கு வந்தார், ஷீலாதான் ஓட்டிவந்தாள். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டத்தான் வந்திருந்தார், ஆனால் நான் நினைத்த காரணத்துக்கு இல்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மோரிஸைச் சுற்றி மெதுவாக நடந்தார். இடது கதவருகில் குனிந்து, "நாராயணப்பா, இதுல என்ன, மணல் கலந்து அடிச்சியா?" என்றார். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்து முடிப்பதற்குள் பானெட்டைத் திறந்துவிட்டார். "இந்த வயர் ஏன் வளைஞ்சு போகுது? இந்த கிளிப் ஏன் துரு? இந்தக் கட்-அவுட் பெட்டி என் கார்ல கிடையாதே, உள்ள என்ன வெச்சிருக்கே?" ரிலே அகப்பட்டது. விளக்கைப் போடச் சொல்லி முன்னால் போய் நின்றவர் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அய்யோ! எதிர்ல வர்றவன் உயிரோட போக வேண்டாமா? யார் இவ்வளவு பெரிய பல்பு போடச் சொன்னது?" நான் அவரையே பார்த்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வயர் மேல் நான் கோணலாகச் சுற்றியிருந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்துச் சொன்னார்: "கண் ஆபரேஷன் வேண்டியது எனக்கா உனக்கான்னு டாக்டர் குழம்பிட்டார் போல."

இடது பக்கத்து சுவிட்ச்

டிசம்பர் வந்தது. இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொல்கிறவரை சார் ஓட்டக் கூடாது. நந்தி மலைக்கு ஷீலாவே ஓட்டுவதாக முடிவானது. கார் விற்பனை பற்றிக் கேட்டதற்கு, அந்த நாள் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம் என்றாள். புறப்படுவதற்கு முன்தினம் சார் தனியாக, ஆட்டோவில் என் ஷெட்டுக்கு வந்தார். பனி விளக்கின் சுவிட்ச் டிரைவர் கை எட்டுகிற இடத்தில் இருந்தது. அதை டாஷ்போர்டின் இடது கோடிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். இடது பக்கம் யார் உட்காரப் போகிறார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் மாற்றிக் கொடுத்தேன். புது வயர் கண்ணில் படுகிறதா என்று இந்த முறை அவர் கேட்கவில்லை.

மறுநாள் கிளப்பின் பின்வண்டியில், ரிப்பேர் ஆட்கள் என்று என்னையும் நாராயணப்பாவையும் ஒரே சீட்டில் உட்கார வைத்தார்கள். வானம் கண்ணாடியாக இருந்தது. பனி, மருந்துக்குக்கூட இல்லை. முன்னால் போன மோரிஸில் ஒவ்வொரு வளைவுக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. மலை மேல் காரை நிறுத்தியதும் இட்லி தின்ன வந்தவர், செல்ஃபி எடுக்க வந்தவர் எல்லோருக்கும் சார் இடது சீட்டில் உட்கார்ந்தபடியே விளக்கைப் போட்டுக் காட்டினார். ஃபியட்காரர்கூட குனிந்து பார்த்துவிட்டு, எப்போது ஷெட்டுக்கு வரலாம் என்று என்னிடம் கேட்டார். ஷீலா காபி டம்ளரோடு தள்ளி நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "வித்தா இவர் இந்த சுவிட்சையும் பிடுங்கிட்டுப் போயிடுவாரு அங்கிள். இருக்கட்டும்" என்றாள்.

கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால், டக். அவ்வளவுதான். என்ஜின் நின்றிருக்க விளக்கை மட்டும் இத்தனை நேரம் எரித்தால் பாட்டரி என்ன செய்யும்? நானும் நாராயணப்பாவும் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தோம். கிளப் மொத்தமும் நின்று போட்டோ எடுத்தது. கார் இறக்கத்தில் உருண்டது, ஷீலா கிளட்சை விட்டாள், என்ஜின் பிடித்துக்கொண்டது. இடது ஜன்னலிலிருந்து வெள்ளைத் தலை ஒன்று வெளியே வந்து, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிக் கூவியது: "லைட் ஃபர்ஸ்ட் கிளாஸ், தன்ராஜ்! உன் பாட்டரிதான் டல்!"

ஆக மொத்தம், பழைய கார்க்காரர்களிடம் உழைக்கிற நண்பர்களே, நம் பெயர் கெடாமல் இருக்க வேண்டுமானால் விளக்கு, வயர், பாட்டரி, பெயிண்ட், ஓனரின் கண் எல்லாமே ஒரே நாளில் சரியாக இருக்க வேண்டும், அப்படி ஒரு நாள் வந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.